மூல முகவரியை மூடினீர்களா?

எல்ல விடுதிக்காரர் (இரவு 7.40)
ஏப்ரல் பருவகாலம் தொடங்குவதற்கு முன்னர் எங்கள் விடுதியின் முன்பதிவுத் தளத்தைக் வரும் கோரிக்கைகளை இடையில் நின்று சோதித்து வடிகட்டும் கிளவுட் தீச்சுவர்ச் சேவை ஒன்றின் பின்னால் வைத்துவிட்டோம். டொமைன் பெயர் எந்தச் சேவையகத்துக்குப் போகவேண்டும் என்று காட்டும் டிஎன்எஸ் பதிவை மாற்ற அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. கடவுச்சொல்லை ஊகித்து உள்நுழையப் பார்க்கும் தானியங்கிகளும், படிவங்களில் தரவுத்தளத்தை இயக்கும் எஸ்கியூஎல் கட்டளைகளைச் செருகும் முயற்சிகளும் அங்கேயே தடுக்கப்படுவதைப் பதிவேட்டில் கண்ணால் பார்க்கிறேன். மலையகத்தில் சிறுதொழில் நடத்தும் அனைவரும் இதைச் செய்தால் நம் தளங்களை இனி ஒருவராலும் உடைக்க முடியாது.

ஹட்டன் நிரலாளர் (8.05)
“ஒருவராலும் உடைக்க முடியாது” என்ற வரியைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு கேள்வி: உங்கள் தளம் உண்மையில் இருக்கும் மூல சேவையகத்தின் ஐபி முகவரியை, அதாவது அதன் இணைய எண்ணை, வெளியாருக்கு மூடினீர்களா? டிஎன்எஸ்ஸை மாற்றியதால், டொமைன் பெயரைக் கேட்டு வருபவன் மட்டுமே தீச்சுவர் வழியாக வருகிறான். பழைய ஐபி முகவரியோ டிஎன்எஸ் வரலாற்றைச் சேமிக்கும் தளங்களில் அப்படியே கிடக்கிறது. மின்னஞ்சலும் அதே சேவையகத்தில் இருந்தால் மின்னஞ்சல் போகவேண்டிய இடத்தைச் சொல்லும் எம்எக்ஸ் பதிவே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த முகவரிக்கு நேராகக் கோரிக்கை அனுப்பி, எந்தத் தளம் வேண்டும் என்று கோரிக்கையோடு அனுப்பும் குறிப்பான ஹோஸ்ட் தலைப்பில் உங்கள் டொமைனை எழுதினால் போதும், தீச்சுவருக்கு அப்படியொரு கோரிக்கை வந்ததே தெரியாது. முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து போட்டிருக்கிறீர்கள்.

எல்ல விடுதிக்காரர் (8.20)
நான் பாவிப்பது பகிர்வு ஹோஸ்டிங்; ஒரே சேவையகத்தில் பலருடைய தளங்கள் இருக்கும். சேவையகத்தின் தீச்சுவரைத் தொட எனக்கு உரிமை இல்லை. ஆறு அறைகள் உள்ள ஒரு விடுதியின் பழைய முகவரியை யார் உட்கார்ந்து தேடப்போகிறார்கள்?

ஹட்டன் நிரலாளர் (8.31)
தேடுவது மனிதன் அல்ல, தம்பி. ஐபி முகவரிகளில் பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான். 2013இல் வெளியான இசட்மேப் என்ற கருவி, ஒரு கிகாபிட் இணைப்பு கொண்ட ஒரே கணினியிலிருந்து அவை முழுவதையும் 45 நிமிடங்களுக்குள் துழாவிக் காட்டியது. அங்கே ஆறு அறையா, அறுநூறு அறையா என்று எவரும் பார்ப்பதில்லை. பகிர்வு ஹோஸ்டிங்கிலும் வழி உண்டு. ஒவ்வொரு கோரிக்கையிலும் ஓர் இரகசியத் தலைப்பைச் சேர்க்கும்படி கிளவுட் தீச்சுவரை அமைத்து, அந்தத் தலைப்பு இல்லாமல் வருவதை உங்கள் தளத்தின் அமைப்புக் கோப்பான எச்டிஅக்செஸிலேயே மறுக்கலாம். இதைச் செய்தீர்களா, இல்லையா?

நானுஓயாக்காரன் (8.50)
எந்தத் திரியைத் திறந்தாலும் ஹட்டன்காரர் இந்த ஒரே விடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 2021 டிசம்பரில் பல ஜாவா செயலிகள் பதிவேடு எழுதப் பாவிக்கும் லாக்4ஜே நூலகத்தின் ஓட்டை வெளியானபோது, அந்த நூலகம் தங்களுடைய எந்தெந்தச் செயலிகளுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் தேடிக்கொண்டிருந்த நாட்களில், கிளவுட் தீச்சுவர்கள் தடுப்பு விதியை எழுதி, தங்கள் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் பரப்பிவிட்டன. தனியாக ஒரு சேவையகத்தை வைத்திருப்பவர் அதை எத்தனை நாளில் செய்திருப்பார்? இன்னொன்று: நானும் இந்தத் தொழிலில் பன்னிரண்டு வருடங்கள் இருக்கிறேன். எல்லோரையும் “தம்பி” என்று அழைத்துக் கீழே உட்கார வைக்கும் பழக்கத்தை அவர் நிறுத்த வேண்டும்.

ஹட்டன் நிரலாளர் (9.12)
தம்பி என்பது எங்கள் ஊரில் அன்பான சொல். குத்தலாக எடுத்துக்கொள்வது உங்கள் விருப்பம். லாக்4ஜே விதிகள் வந்த சில நாட்களுக்குள்ளேயே, தாக்குதல் வரியில் வரும் ஜேஎன்டிஐ என்ற சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்து எழுதித் தாக்குபவர்கள் அவற்றைத் தாண்டினார்கள். தீச்சுவர்க்காரர்கள் விதிகளை மீண்டும் மீண்டும் திருத்த வேண்டியிருந்தது. மூல முகவரி திறந்திருந்தால் உடைத்து எழுதும் சிரமம்கூட அவர்களுக்குத் தேவையில்லை. 2019இல் கேப்பிட்டல் வன் வங்கியில் ஏறத்தாழ 10 கோடி அமெரிக்கர்களின் விபரங்களும் 60 இலட்சம் கனடியர்களின் விபரங்களும் களவு போனதற்கு, தவறாக அமைக்கப்பட்ட செயலித் தீச்சுவரே வழிவிட்டது.

நானுஓயாக்காரன் (9.25)
அது அந்த வங்கி தானே நிறுவி நடத்திய தீச்சுவர். இங்கே பேசப்படும் சேவை அல்ல. போன வருடம் காப்புப்பிரதி பற்றிய திரியிலும் இப்படித்தான் ஒன்றோடொன்றைக் கலந்தீர்கள். சுட்டிக்காட்டிய என்னைக் கற்றுக்குட்டி என்றீர்கள். நான் அதை மறக்கவில்லை.

பதுளை ஆசிரியை (9.40)
இருவரும் முகவரியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் சிக்கனக் கூட்டுறவுச் சங்கத்தின் தளத்துக்குத் தீச்சுவர் போட்ட மறுநாளே, கடன் விண்ணப்பத்தைத் தமிழில் நிரப்பிய ஒவ்வொருவருக்கும் 403 என்ற மறுப்புப் பக்கம் வந்தது. விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. தீச்சுவர்களுக்கான விதித் தொகுப்பான ஓவாஸ்ப் கோர் ரூல் செட்டில், கண்டிப்பின் அளவைக் குறிக்கும் பாரனோயா லெவல் என்று நான்கு நிலைகள் உள்ளன. மூன்றாம் நிலையில், ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் அடங்கும் ஆஸ்கி வரம்புக்கு அப்பாற்பட்ட பைட்டுகளையே சந்தேகத்துக்குரியவையாகக் கருதும் விதி ஒன்று இருக்கிறது. நம் ‘க’ என்ற ஓர் எழுத்து எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகள். மூன்றும் அந்த வரம்புக்கு வெளியே. அமைத்துக்கொடுத்தவரோ “ஆங்கிலத்தில் நிரப்பச் சொல்லுங்கள்” என்றார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

ஹட்டன் நிரலாளர் (9.52)
டீச்சர், அப்படிச் சொன்னவருக்கு வேலை தெரியாது. அந்தப் படிவத்துக்கு மட்டும் அந்த விதிக்கு விலக்கு எழுதலாம். முதலில் சில நாட்கள் தடுக்காமல் பதிவு மட்டும் செய்ய விட்டிருந்தால் இந்தச் சிக்கல் முன்பே தெரிந்திருக்கும். ஆனால் அந்தத் தளத்தின் மூல முகவரியாவது மூடப்பட்டதா?

பதுளை ஆசிரியை (9.58)
நான் மொழியைப் பற்றிப் பேசினேன். உங்களுக்கு அதுவும் முகவரியில்தான் போய் முடிகிறது.

நானுஓயாக்காரன் (10.10)
மூல முகவரியை மூடியவர்களும் தப்பவில்லை. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி இலங்கையின் .எல்கே டொமைன் பதிவகத்தையே தாக்கினார்கள். கூகுள்.எல்கே என்று தேடிப் போனவர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினையும் எழுதப்பட்டிருந்த வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். டிஎன்எஸ் கையைவிட்டுப் போனால் உங்கள் இரகசியத் தலைப்பு எதற்கு உதவும்?

எல்ல விடுதிக்காரர் (10.18)
அந்தப் பக்கத்தால் நம் மக்களின் சம்பளப் பிரச்சினையை நான்கு பேர் அறிந்தார்கள். அதைத் தாக்குதல் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

பதுளை ஆசிரியை (10.24)
நம் பெயரைச் சொல்லி எவரோ செய்த களவு அது. அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்தில் ஒரு ரூபாய் கூடியது?

ஹட்டன் நிரலாளர் (10.41)
டிஎன்எஸ் கணக்கைக் காப்பது வேறு வேலை. அதையும் செய்யத்தான் வேண்டும். நான் கேட்டதற்கு எல்லக்காரர் இரண்டரை மணி நேரமாகப் பதில் தரவில்லை. தீச்சுவர் நிறுவனத்தின் ஐபி வரிசைகளை மட்டும் அனுமதித்தால் போதும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அதே நிறுவனத்தில் இன்னொருவன் கணக்குத் திறந்து, தன் டொமைனை அவருடைய முகவரிக்குத் திருப்பினால், அவனுடைய கோரிக்கையும் அதே வரிசையிலிருந்துதான் வந்து சேரும்.

எல்ல விடுதிக்காரர் (10.50)
இந்தப் பருவகாலத்தில் என் தளம் ஒரு நிமிடம்கூட விழவில்லை. அதுவே என் பதில்.

ஹட்டன் நிரலாளர் (10.57)
அது பதில் அல்ல. வீட்டுக் கணினியிலிருந்து உங்கள் பழைய ஐபி முகவரிக்கு, ஹோஸ்ட் தலைப்போடு ஒரு கோரிக்கை அனுப்பிப் பாருங்கள். முன்பதிவுப் பக்கம் வந்ததா, மறுப்பு வந்ததா என்பதை இங்கேயே எழுதுங்கள்.