ஒன்பது தெய்வத்துக்கு ஒரே தலைமைக் குரு சரிப்படுமா?

உப்புக்காற்று எழுதியது:
பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டுக்காக ஓர் உலகம் எழுதிக்கொண்டிருக்கிறேன், ரங்கூனில் எங்கள் கூட்டம் இந்த மழைக்காலம் முழுக்க ஆடப்போவது. பெரிய ஆறு ஒன்று, இரு கரையிலும் நெல் விளையும் நாடு, ஒன்பது தெய்வங்கள்: ஆறு, மழை, விளைச்சல், போர், சாவு, இப்படி. ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே திருச்சபை. தலைநகரில் ஒரு தலைமைக் குரு, அவருக்குக் கீழே தெய்வத்துக்கு ஒருவராகப் பெருங்குருக்கள், பிறகு மாகாணக் குரு, நகரக் குரு, கடைசியில் ஊர்ப் பூசாரி. தீட்சை வாங்கிய எந்தக் குருவும் எந்தத் தெய்வத்துக்கும் பூசை செய்யலாம். நிலம், பள்ளிக்கூடம், வழக்குத் தீர்ப்பு எல்லாம் சபை கையில். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

மூங்கில்பாலம் எழுதியது:
தம்பி, உழைப்பு தெரிகிறது, ஆனால் அஸ்திவாரமே தப்பு. நீங்கள் வரைந்திருப்பது கத்தோலிக்க மறைமாவட்ட அமைப்பு, அதில் ஒரு கடவுளை எடுத்துவிட்டு ஒன்பது பேரை உட்காரவைத்திருக்கிறீர்கள். எல்லா ஊரிலும் ஒரே கோட்பாடு இருக்கவேண்டும், விலகினவனைக் கண்டிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதால் அவர்களுக்கு அந்தப் படிக்கட்டு தேவைப்பட்டது. பல தெய்வம் கும்பிடுகிறவனுக்கு அது எதற்கு? நம் கோயில்களையே பாருங்கள். ஆகமப்படி நடக்கும் சிவன் கோயிலில் சிவாச்சாரியார், பெருமாள் கோயிலில் பட்டாச்சாரியார், ஒருவர் மற்றவருடைய கருவறைக்குள் போய்ப் பூசை செய்ய முடியாது. அம்மன் கோயில் என்றால் பல இடங்களில் பூசாரிக் குடும்பத்துக்குத்தான் உரிமை, அப்பனுக்குப் பிறகு மகன். இவர்கள் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தி அதட்ட ஒருத்தரும் கிடையாது. அதே சமயம் ஒரே குடும்பம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறது, புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருக்கிறது, தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறது. தெய்வங்களைச் சேர்த்துவைப்பது கும்பிடுகிற குடும்பம்தான். உங்கள் உலகத்தில் அந்தக் குடும்பத்தையே காணோம்.

உப்புக்காற்று எழுதியது:
குடும்பம் பற்றிச் சொன்னது சரி, அதைச் சேர்க்கிறேன். ஆனால் ஒரே தலைமை நடக்காது என்பதை ஏற்கமாட்டேன் அண்ணே, நாம் இருக்கிற நாட்டிலேயே ஒரு ராஜா அதைச் செய்திருக்கிறார். பகானை 1044 முதல் 1077 வரை ஆண்ட அனவ்ரதா, ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த நாட் எனப்படும் ஆவித் தெய்வங்களின் வழிபாட்டை ஒழிக்க முடியாமல், 37 நாட் தெய்வங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதன் உச்சியில் தக்யாமினை, அதாவது நம் இந்திரனை, வைத்தார் என்பதுதான் மரபு. அந்தச் சிலைகளை ஷ்வேசிகோன் பகோடாவிலேயே வைத்தார், பழைய தெய்வத்தைத் தேடி வருகிறவன் புத்தரையும் கும்பிட்டுப் போகட்டும் என்று. பல தெய்வம், ஒரு பட்டியல், ஒரு தலை. ஆயிரம் வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கும் 37 என்றுதான் சொல்கிறோம்.

அப்புறம் ரோம். அங்கே 15 பிளாமென் குருக்கள், ஒவ்வொருவரும் ஒரு தெய்வத்துக்கு, எல்லோரையும் கண்காணிக்க மேலே பொந்திபெக்ஸ் மாக்சிமுஸ் என்ற தலைமைக் குரு. எகிப்தில் ஹட்செப்சுட் அரசி காலத்தில் ஆமோன் கோயிலின் தலைமைக் குரு ஹபுசெனெப், மேல் எகிப்து கீழ் எகிப்து இரண்டின் குருக்களுக்கும் மேற்பார்வையாளராக இருந்தார். எனக்கு வேண்டியது இந்த மாதிரி ஒரு பதவிதான்.

மூங்கில்பாலம் எழுதியது:
நீங்கள் சொன்ன மூன்றிலும் அந்தத் தலையை வைத்தது யார்? நாட் பட்டியல் போட்டவர் ராஜா. ஹபுசெனெப்பை அமர்த்தியது அரசி. கி.மு. 63இல் பொந்திபெக்ஸ் மாக்சிமுஸ் ஆன ஜூலியஸ் சீசர் முழுநேர அரசியல்வாதி, அந்தப் பதவியைத் தேர்தலில் ஜெயித்தே பிடித்தார். குருக்கள் தாங்களாகவே கூடித் தங்களுக்கு ஒரு தலைவனைத் தேர்ந்தெடுத்த கதை இதில் எங்கே இருக்கிறது? உங்கள் வரைவில் ராஜா என்ற சொல்லே இல்லை.

பட்டியல் விஷயத்தையும் விடமாட்டேன். பொப்பா மலைக்குப் போகிறவர்கள் பொப்பா மெதா என்ற பெண் தெய்வத்தைத் தேடித்தானே போகிறார்கள்? அவள் அந்த 37இல் கிடையாது. தவுங்பியோன் திருவிழாவில் கொண்டாடப்படும் அண்ணன் தம்பி இருவரும் அவள் பிள்ளைகள், பகோடா கட்டும்போது ஆளுக்கொரு செங்கல் வைக்கத் தவறியதற்காக அதே அனவ்ரதாவால் கொல்லப்பட்டவர்கள் என்பது கதை. ராஜா கொன்றவர்களே பிறகு தெய்வமாகி, அந்த ராஜா பெயரில் வழங்கும் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டார்கள், அவர்களைப் பெற்றவள் மட்டும் வெளியே நிற்கிறாள், வெளியே நின்றும் அவளுக்குக் கூட்டம் குறையவில்லை. தலைநகரில் பட்டியல் எழுதலாம், ஆனால் ஊரில் எந்தத் தெய்வம் பிறக்கும் என்பதை யாரும் அங்கிருந்து தீர்மானிக்க முடியாது.

நெற்குதிர் எழுதியது:
இரண்டு பேரும் பணத்தைத் தொடவே இல்லை. தம்பி, உங்கள் ஊர்ப் பூசாரிக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? நம் செட்டியார்கள் கட்டிய முருகன் கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடித்தான் அந்தக் காலத்தில் மாதாமாதம் நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். கோயில் சாவி, கணக்கு, நகைப்பெட்டி எல்லாம் காரியம் பார்க்கிற செட்டியார் கையில், அர்ச்சகர் சம்பளத்துக்கு வந்தவர். பூசை அறிந்தவர் ஒருவர், அதிகாரம் உள்ளவர் வேறொருவர். உங்கள் சபையில் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கிறது, அதனால்தான் அது கதையாக நகரவில்லை. எகிப்தில் ஆமோன் கோயில் நிலத்தை வாங்கி வாங்கிப் பெருத்து, கி.மு. 11ஆம் நூற்றாண்டில் தீப்ஸின் தலைமைக் குருக்களே தென்பகுதியை ஆளுகிற நிலை வந்தது. உங்கள் ஒன்பதில் எந்தத் தெய்வத்துக்கு நிலம் அதிகம்? ஆற்றங்கரை வயலெல்லாம் விளைச்சல் தெய்வத்துக்கு என்றால் தலைமைக் குரு எந்தக் கோயிலிலிருந்து வருவார் என்பது முதல் நாளே முடிவாகிவிடும்.

ஜூலியன் என்ற ரோமச் சக்கரவர்த்தியையும் பாருங்கள். 361இல் பதவிக்கு வந்து, பழைய தெய்வங்களுக்கெல்லாம் சேர்த்து மாகாணத்துக்கு ஒரு தலைமைக் குருவை வைத்தார். ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் தானியம் கொடு, சத்திரம் கட்டு, குரு என்றால் நாடகக் கொட்டகைப் பக்கம் போகாதே என்று கடிதம் எழுதினார். நீங்கள் வரைந்திருப்பது கிட்டத்தட்ட அதேதான். 363இல் பாரசீகப் போரில் அவர் செத்ததும் எல்லாம் கலைந்தது.

உப்புக்காற்று எழுதியது:
இரண்டு வருடம்கூட ஆளாதவரை வைத்து நடக்காது என்று எப்படி முடிவு கட்டுவது, அக்கா? அவருக்கு இன்னும் முப்பது வருடம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் நான் எழுதப் பார்க்கிறேன். கற்பனை உலகம் அதற்குத்தானே. ராஜாவைச் சேர்க்கிறேன், நிலத்தை ஒன்பது தனிக் கணக்காகப் பிரிக்கிறேன், தர்மகர்த்தாக்களையும் வைக்கிறேன். தலைமைக் குரு இருப்பார், அதை விடமாட்டேன்.

மூங்கில்பாலம் எழுதியது:
இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. ஆறு கரையை உடைத்து ஊருக்குள் வருகிறது. எந்தத் தெய்வம் கோபித்தது என்று யார் சொல்வது? தலைமைக் குரு ஏட்டைப் பார்த்து மழைத் தெய்வம் என்கிறார். கரையோரத்தில் ஒரு கிழவிக்குச் சாமி வந்து, இல்லையடா, சாவுத் தெய்வத்துக்குப் போன வருடம் நேர்ந்த கிடாயை நீங்கள் வெட்டவில்லை என்கிறாள். ஊர் யாரை நம்பும்? நான் பார்த்தவரை கிழவியைத்தான். நாட் கடோ என்கிற இங்கத்திய சாமியாடிகளும் அப்படித்தான், அவர்கள் நாட் தெய்வத்தையே கல்யாணம் செய்துகொண்டவர்கள், நாட் ஏறிப் பேசும்போது குறுக்கே பேச எந்தப் பெரியவருக்கும் துணிச்சல் வராது. தெய்வம் நேரடியாக மனிதன் வாயால் பேசுகிற நாட்டில் உங்கள் படிக்கட்டு எங்கே நிற்கும்?

உப்புக்காற்று எழுதியது:
சாமியாடிகளைச் சபை பதிவு செய்யும். நகரக் குரு முன்னால் சோதனை, தேறினால் முத்திரை, திருவிழாவில் இடம், நெல்லில் பங்கு. பதிவில்லாதவள் சொன்னால் ஊர் கேட்கலாம், ஆனால் அதை வைத்துக் கோயில் நிலத்திலோ கிடாய் வெட்டிலோ கைவைக்க முடியாது. ரோமிலும் விபரீதம் நடந்தால் சிபில் ஏடு என்ற குறிசொல்லும் ஏட்டைப் பார்க்க ஒரு தனிக் குழு இருந்தது, அதுவும் செனட் உத்தரவு போட்டால்தான் ஏட்டைத் திறக்கும். கட்டுப்படுத்த வழி இருக்கிறது.

மூங்கில்பாலம் எழுதியது:
முத்திரை வாங்கிய சாமியாடிக்கு இரண்டு தலைமுறையில் மரியாதை போய்விடும், சபைக் கூலிக்காரி என்பார்கள். முத்திரை இல்லாதவளைத் தேடி ராத்திரியில் படகேறிப் போவார்கள். எழுதிப் பாருங்கள், அது தானாகவே அங்கே போகும்.

நெற்குதிர் எழுதியது:
அந்தப் படகுக்காரன் யாருக்கு வரி கட்டுகிறான் என்பதையும் எழுதுங்கள். ஒன்பது கணக்கு என்றீர்களே, சாவுத் தெய்வத்துக்கு வயல் எழுதிவைக்க எவனும் முன்வரமாட்டான். அந்தக் கோயிலில் விளக்கெரிக்க எண்ணெய் எந்தக் கணக்கிலிருந்து வரும்? மற்ற எட்டுத் தர்மகர்த்தாக்களும் கொடுக்கமாட்டோம் என்றால் உங்கள் தலைமைக் குரு என்ன செய்வார்? அடுத்த வரைவில் இந்த இடத்தை முதலில் போடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.