ஊசி போட்டு ஏற்றிய கிலோ, அறுந்து போன முட்டி: பார்த்தவர்கள், பட்டவர்கள் எழுதுங்கள்

பழைய 77 கிலோ:

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டது. 2009இலிருந்து 2013 வரை பளு தூக்கினேன், பல்கலைக்கழக அளவு வரை போனேன், அதற்கு மேல் ஏறவில்லை. இது என் கதை இல்லை, என் ரூம்மேட் கதை. ஆனால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது, போகப் போகப் புரியும்.

அவன் 85 கிலோ பிரிவு. டெக்னிக் என்னைவிட நூறு மடங்கு சுத்தம், பார் (எடை மாட்டிய கம்பி) உடம்பை ஒட்டியே ஏறும். ஸ்க்வாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) மட்டும் 175இல் ஒன்றரை வருஷமாக நின்றுவிட்டது. ஜூனியர் பையன்கள் தாண்டிப் போகப் போக ராத்திரி தூக்கமே இல்லை அவனுக்கு. அப்போதுதான் வெளி ஜிம்மில் ஒரு ஆள் கிடைத்தார். வாரம் ஒரு ஸ்டீராய்டு ஊசி, தசையை ஏற்றுகிற மருந்து, கூடவே மாத்திரை. பத்து வாரத்தில் 175 கிலோ 205 ஆனது, பொய் இல்லை, பிளேட் மாட்டிக் கொடுத்ததே நான்தான்.

எட்டாவது வாரத்திலேயே முட்டிச் சில்லுக்கு மேலே வலி என்றான். அந்த ஆளிடம் கேட்டதற்கு "டெக்கா மூட்டுக்கு நல்லதுப்பா, அதுவே சரி பண்ணிடும்" என்று டோஸைக் கூட்டினார் (டெக்கா என்றால் அந்த ஸ்டீராய்டு ஊசிதான்). வலி நிஜமாகவே குறைந்தது. அங்கேதான் ஏமாந்தோம். வலித்திருந்தால் இரண்டு வாரம் உட்கார்ந்திருப்பான்.

செலக்‌ஷன் டிரயல் அன்று கிளீன் அண்ட் ஜெர்க் 152 (பாரைத் தோளுக்கு ஏற்றுவது கிளீன், அங்கிருந்து தலைக்கு மேல் தூக்குவது ஜெர்க்). அவனுக்கு அது பெரிய எடையே இல்லை. கிளீனை அடியில் பிடித்து எழுந்தான், பாதி வரைதான் வந்தான், காய்ந்த தென்னை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். பார் முன்னால் விழுந்தது, இவன் பின்னால் விழுந்தான். ஓடிப்போய்ப் பார்த்தால் முட்டிச் சில்லு இடம் மாறிக் கீழே இறங்கியிருக்கிறது, அதற்கு மேலே இரண்டு விரல் வைக்கலாம் போல ஒரு பள்ளம். காலை நீட்டுடா என்றால் நீட்ட முடியவில்லை. தொடைத் தசையை முட்டியோடு பிடித்து வைக்கிற டெண்டன் முழுசாக அறுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நேராகவே கேட்டார், "ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறியா?" பக்கத்தில் அவன் அப்பா, வெள்ளை வேட்டியோடு ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து நிற்கிறார். இல்லை சார் என்றான். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் இல்லை சார் என்றேன்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் காலை மடக்காமல் பிரேஸ் போட்டிருந்தான். ஊசியும் அன்றோடு நின்றது. அப்புறம் பார்த்தால் ஆள் உருகிவிட்டான், தொடை என் கை பருமனுக்கு வந்தது, சாப்பாடு பிடிக்கவில்லை, யாரோடும் பேச்சில்லை, திடீர் திடீரென்று அழுவான். கால் போன கவலை என்றே நினைத்தோம். வெளியிலிருந்து ஹார்மோன் போகும்போது உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும், ஊசி நின்ற பிறகு அது திரும்பி வர மாதக் கணக்கில் ஆகும் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. டாக்டரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் அதற்கும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள்.

இப்போது மொபைல் கடை வைத்திருக்கிறான். படி இறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்குவான்.

கோவை பெஞ்ச்:

அண்ணே, படித்ததும் நெஞ்சு வலித்தது, நிஜமாகவே, ஏனென்றால் எனக்கு அறுந்தது நெஞ்சு. நான் போட்டிக்கெல்லாம் போகிறவன் இல்லை, ஐடி வேலை, சும்மா உடம்புக்காக ஜிம். ஜிம் மாஸ்டர்தான் டெஸ்ட் (டெஸ்டோஸ்டிரோன் ஊசி) போடச் சொன்னார், நாலு மாதம் போட்டேன். 120 கிலோ பெஞ்ச் (மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து பாரைத் தள்ளுவது), மூன்றாவது ரெப், பார் நெஞ்சைத் தொடப் போகிற நேரம், துணி கிழிகிற மாதிரி உணர்ந்தேன். சத்தம் கேட்டதா, எனக்கு மட்டும் கேட்டதா, இன்னும் தெரியவில்லை. மறுநாள் அக்குளிலிருந்து முழங்கை வரை கருநீலம்.

மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா, "மசில் புல்தான், ஐஸ் வை, பத்து நாள்ல லைட்டா ஆரம்பிச்சுக்கலாம்." மூன்று வாரம் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தால் டெண்டன் எலும்பிலிருந்தே பிய்ந்து வந்திருக்கிறது. சீக்கிரம் வந்திருந்தால் இழுத்துத் தைப்பது சுலபம், நாளாக ஆக அது சுருங்கிப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும் என்றார் சர்ஜன். இப்போது சட்டை போட்டால் ஒன்றும் தெரியாது. கழற்றினால் இடது பக்கம் குழி.

பிசியோ அக்கா:

நான் பிசியோதெரபிஸ்ட், இந்த மாதிரி கேஸ் வருஷத்துக்கு நாலைந்தாவது வரும், எல்லாருமே முதல் நாள் "ஒண்ணும் எடுக்கலை மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். திட்டுவதற்காகக் கேட்பதில்லை தம்பிகளா, சிகிச்சையே மாறும் என்பதால் கேட்கிறோம்.

தசைக்கு ரத்த ஓட்டம் நிறைய. டெண்டனுக்கு (தசைநாண் என்பார்கள்) கம்மி. ஊசி போட்டால் தசை சில வாரங்களில் பலமாகிவிடும், டெண்டன் அந்த வேகத்துக்கு வராது, அதற்கு மாதக் கணக்கு. லாரி இன்ஜினை ஆட்டோவில் பூட்டின மாதிரி. இன்னொன்று, விலங்குகளில் சோதித்தபோது ஸ்டீராய்டும் பயிற்சியும் சேர்ந்தால் டெண்டன் விறைப்பாகி, கொஞ்சம் நீண்டதுமே அறுந்தது. 2015இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அனுபவமுள்ள ஆண் பாடிபில்டர்களிடம் கேட்டார்கள். ஸ்டீராய்டு எடுத்த 88 பேரில் 19 பேருக்கு ஒரு டெண்டனாவது அறுந்திருக்கிறது, எடுக்காத 54 பேரில் 3 பேருக்கு. தோள், நெஞ்சு, கை என்று மேல் உடம்பில் மட்டும் பார்த்தால் எடுத்தவர்களில் 15 பேர், எடுக்காதவர்களில் ஒருவர்கூட இல்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஆஸ்துமாவுக்கும் மூட்டு வீக்கத்துக்கும் டாக்டர் தருகிற ஸ்டீராய்டு வேறு, ஜிம்மில் போடுவது வேறு. முன்னது தசையை வளர்க்காது. ஆனால் வலிக்கிற டெண்டனில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் டெண்டன் பலம் குறையும். அதனால் டாக்டர் "ஸ்டீராய்டு எடுத்தியா" என்றால் எதைக் கேட்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள், இரண்டையும் சொல்லுங்கள்.

ரயில்வே கோட்டா:

எல்லாப் பழியையும் ஊசி மேலேயே போடாதீர்கள். நான் ஒரு சொட்டுகூட எடுத்ததில்லை, முதுகில் டிஸ்க் இறங்கி இரண்டு சீசன் போனது. பார் எடுத்தவனுக்கு அடி படாமல் இருக்காது. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் தொடைக் காயத்தோடுதான் இறங்கி 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அதே வருஷம் மீராபாய் சானு கீழ் முதுகு வலியால் ஆசிய விளையாட்டுக்கே போகவில்லை, உட்கார்ந்து சரி செய்துகொண்டு வந்துதான் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. எனக்குத் தெரிந்து வித்தியாசம் அங்கேதான். சும்மா தூக்குகிறவனை வலி நிறுத்தும், ஊசி போட்டவன் வலியைத் தாண்டி இன்னும் இரண்டு பிளேட் மாட்டுவான்.

"எல்லாரும்தானே போடுறாங்க" என்கிறவர்களுக்கு லண்டன் 2012 ஒலிம்பிக், 94 கிலோ பிரிவைச் சொல்வேன். நாலு வருஷம் கழித்து ஊக்கமருந்து இருக்கிறதா என்று பழைய சாம்பிளைத் திரும்பச் சோதித்தார்கள். முதல் மூன்று பேரும் அவுட், நாலாவது, ஆறாவது, ஏழாவது வந்தவர்களும் அவுட். ஐந்தாவது வந்த ஈரான்காரர் முகமதுபூருக்குத் தங்கம் போனது, ஒன்பதாவது வந்த போலந்துக்காரருக்கு வெண்கலம். அந்தப் போலந்துக்காரரே 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்ட்ரோலோன் என்கிற ஸ்டீராய்டில் மாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், அது தனிக் கூத்து! ஆமாம், நிறையப் பேர் போட்டார்கள்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

63 கிலோ:

பெண் லிஃப்டர், பேர் வேண்டாம். கேம்ப்பில் சார் "வைட்டமின் ஊசி" என்று வரிசையில் நிற்கச் சொன்னார். மருந்து பாட்டிலைக் காட்டுங்கள் சார் என்றேன், லேபிளைக் கிழித்திருந்தது. போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த லிஸ்ட்டில் என் பெயர் இல்லை. போட்டுக்கொண்ட அக்காவுக்குக் குரல் ஆண் குரல் மாதிரி ஆகிவிட்டது, நிறுத்தி ஆறு வருஷம் ஆகியும் பழைய குரல் வரவில்லை, போன் எடுத்தால் "சார்" என்கிறார்களாம். அவருக்கு எலும்பும் டெண்டனும் நன்றாகத்தான் இருக்கின்றன. இதை எந்தக் காயத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கோவை பெஞ்ச்:

இன்னொன்று எழுத மறந்தேன். இப்போது ஸ்டீராய்டைவிட மெஃபென்டெர்மின்தான் ஜோராக ஓடுகிறது. ஆபரேஷன் தியேட்டரில் பிரஷர் இறங்கினால் ஏற்றுவதற்குப் போடுகிற மருந்து, அதை ஜிம் பாத்ரூமில் போட்டுக்கொண்டு வந்து டெட்லிஃப்ட் அடிக்கிறார்கள். களைப்பே தெரியாது. இதயம் என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிசியோ அக்கா:

பழக்கமாகவும் ஆகிவிடும். மனப் பிரச்சினையோடு வந்த ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன், யாரோ பின்னாலேயே வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

புதுசு 67:

அண்ணா, அக்கா, எனக்கு 17 வயசு. மாவட்டப் போட்டிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. மாஸ்டர் ஒரு சைக்கிள் (சில வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு) மட்டும் போட்டுக்கோ, சின்ன வயசு, உடம்பு தாங்கும்னு சொல்றார். ஒரு தடவை மட்டும்னா பரவாயில்லையா?

பிசியோ அக்கா:

சின்ன வயசு என்பதால்தான் கூடாது தம்பி. உன் எலும்பில் வளர்கிற முனைகள் இன்னும் முழுசாக மூடாமல் இருக்கலாம். இந்த மருந்து உள்ளே போனால் அவை சீக்கிரம் மூடிக்கொள்ளும், உயரம் அங்கேயே நின்றுவிடும். வீட்டில் யாருக்காவது தெரியுமா?

பழைய 77 கிலோ:

தம்பி, ஸ்க்வாட் எவ்வளவு, எத்தனை மாசமா நிக்குது, வாரத்துல எத்தனை நாள் கனமா தூக்குற, எத்தனை மணி நேரம் தூங்குறன்னு எழுது. புரோகிராம் நான் போட்டுத் தரேன். பணம் ஏதாவது கொடுத்துட்டியா?

புதுசு 67:

கொடுத்துட்டேன் அண்ணா. மருந்து பீரோவுல துணிக்கு அடியில இருக்கு. ஸ்க்வாட் 130, அஞ்சு மாசமா.

பழைய 77 கிலோ:

பணம் போனா போகட்டும். அஞ்சு மாசம் எல்லாம் ஒண்ணுமே இல்ல, நான் ஏழு மாசம் நின்னிருக்கேன். பீரோவைத் தொடாத. நாளைக்குக் காலைல ஸ்க்வாட் போடும்போது பக்கவாட்டுல இருந்து வீடியோ எடுத்து அனுப்பு, முட்டி எங்க போகுதுன்னு பார்க்கணும்.