மார் பட்டம் யாருக்கு உரியது: மருமகனுக்கா, பங்காளிக்கா?

பழையஏடு:
ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பட்டங்களில் ஒன்று மார் ஏர்ல் பட்டம் (ஏர்ல் என்பது உயர்ந்த பிரபு நிலை). அபர்டீன்ஷயரின் கில்ட்ரம்மி கோட்டைதான் அதன் தலைமையிடம். 1866-ல் மார் பிரபு பிள்ளையில்லாமல் இறந்தார். அவருடைய மருமகன், அதாவது சகோதரியின் மகன் ஜான் குடீவ், எர்ஸ்கைன் என்ற குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டு பட்டத்தை ஏற்றார். தந்தைவழிப் பங்காளியான வால்டர் எர்ஸ்கைனுக்குக் கெல்லி ஏர்ல் பட்டம் சேர்ந்தது. அவர் மார் பட்டத்தையும் கேட்டார். அவர் இறந்தபின் மகன் வழக்கைத் தொடர்ந்தார். 1875-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் குழு, மார் பட்டம் 1565-ல் மேரி அரசி புதிதாகத் தந்தது, ஆகவே ஆண்வழிக்கே உரியது என்று பங்காளி பக்கம் தீர்த்தது.

அது அநியாயமான தீர்ப்பு என்பது என் உறுதியான கருத்து. எர்ஸ்கைன்கள் மாரைக் கேட்டதே பெண்வழியாகத்தான். எலீன் என்ற மார் குலப் பெண், அவருடைய மகள், அந்த மகளுக்குப் பிறந்த ஜேனட் கீத், ஜேனட்டின் மகன் ராபர்ட் எர்ஸ்கைன். இந்தத் தாய்மார்களை எடுத்துவிட்டால் எர்ஸ்கைன் குடும்பத்துக்கு மாரில் ஒரு பிடி மண்கூடக் கிடையாது. அப்படி வந்த பட்டத்தைப் பெண்வழியில் போகக் கூடாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

வழக்காடி:
நீங்கள் சொல்லும் பழைய பட்டம் 1435-லேயே முடிந்துவிட்டது, ஐயா. அப்போது மார் ஏர்லாக இருந்த அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் 1426-ல் பட்டத்தை அரசன் முதலாம் ஜேம்ஸிடம் ஒப்படைத்துத் திரும்பப் பெற்றார். தமக்கும் தம் மகனுக்கும் பிறகு அது அரசனுக்கே சேரும் என்பது ஏற்பாடு. ஒன்பது ஆண்டுகளில் அவர் இறந்தார், அரசன் எடுத்துக்கொண்டான். ராபர்ட் எர்ஸ்கைன் உரிமை கோரியதை 1457-ல் அபர்டீனில், இரண்டாம் ஜேம்ஸ் நேரில் இருக்க, நடுவர் குழு தள்ளிவிட்டது. அதற்குப் பிறகு அரசர்கள் தங்கள் இளைய பிள்ளைகளுக்கு மார் பட்டம் தந்தார்கள். 1562-ல் மேரி அரசி தாய் வேறான தம் சகோதரர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கே அதைத் தந்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் அரசன் கையில் இருந்து, பலமுறை புதிதாக வழங்கப்பட்ட பட்டத்தை எர்ஸ்கைன்களின் தொடர்ச்சி என்று எப்படிச் சொல்வீர்கள்?

செங்காந்தள்:
வழக்காடி அவர்களே, அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அவர் அந்தப் பட்டத்தை எப்படிப் பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இசபெல்லா, தம் சகோதரன் 1388-ல் ஆட்டர்பர்ன் போரில் இறந்த பிறகு, தாய்வழியாக மார் சீமாட்டியானவர். கணவர் சிறைப்பட்டு இறந்தார். 1404 கோடையில் அலெக்சாண்டர் கில்ட்ரம்மி கோட்டையைப் படையோடு பிடித்து, ஆகஸ்டில் அந்தக் கைம்பெண்ணிடம் ஒரு சாசனம் எழுதி வாங்கினார். இருவருக்கும் பிள்ளை இல்லாவிட்டால் பட்டம் தம்முடைய வாரிசுகளுக்கே போகும் என்று எழுத வைத்தார். அரசன் மூன்றாம் ராபர்ட்கூட அதை ஏற்கவில்லை. பிறகு கோட்டை வாசலில் அலெக்சாண்டர் சாவிகளை இசபெல்லாவின் கையில் ஒப்படைத்தார். இசபெல்லா தம் விருப்பப்படியே அவரை மணப்பதாக ஊரறியச் சொன்னார். எத்தனை விருப்பமோ, எனக்கு அதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் இரண்டாவது சாசனத்தில் ஒன்று மாறியது: பிள்ளை இல்லாவிட்டால் மார், இசபெல்லாவின் வாரிசுகளுக்கு. அரசன் ஏற்றது இதைத்தான்.

மனைவியின் குலச் சொத்தை ஆயுள்வரை அனுபவித்தவர், அதை 1426-ல் அரசனிடம் கொடுக்க என்ன உரிமை வைத்திருந்தார்?

பழையஏடு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், அம்மா. வழக்காடி இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1626-ல் எடின்பரோ நீதிமன்றத்தில் மார் பிரபு, எல்ஃபின்ஸ்டன் குடும்பத்திடமிருந்து கில்ட்ரம்மியை மீட்டார். இசபெல்லாவின் வாரிசு என்ற உரிமையை வைத்தே மீட்டார். 1457-ல் தள்ளப்பட்ட அதே உரிமை அங்கே வென்றது. 1606-ல் ஸ்காட்லாந்துப் பிரபுக்களுக்கு வரிசை வகுத்தபோதும் மாரை 1565-க்கு மிக முந்திய இடத்தில் வைத்தார்கள்.

வழக்காடி:
1626 பற்றி நீங்கள் சொல்வது வலுவான சான்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நிலத்துக்கான வழக்கு. நிலம் வேறு, பட்டம் வேறு. 1565 ஜூன் 23 சாசனம் ஜான் எர்ஸ்கைனுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் மார் நிலத்தைத் தந்தது. அதற்குப் பின் பல வாரங்கள் ஆவணங்கள் அவரை எர்ஸ்கைன் பிரபு என்றே எழுதுகின்றன. ஜூலை இறுதியில், அரசிக்கும் டார்ன்லிக்கும் திருமணம் நடந்த நாட்களில்தான், அவர் ஏர்ல் ஆகிறார். நிலத்தோடு பட்டமும் வந்திருந்தால் ஜூன் 23 அன்றே ஏர்ல் ஆகியிருக்க வேண்டும். பட்டம் தனியாகத் தரப்பட்டது. அதற்குச் சாசனம் கிடைக்கவில்லை. சாசனம் இல்லாத பட்டம் ஆண்வழிக்கு என்று கொள்வது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரபுக்கள் சபை வகுத்த விதி.

செங்காந்தள்:
அந்த விதியை அசைக்க முடியாது என்றால் 1771-ல் ஸ்காட்லாந்தின் இன்னொரு பழைய பட்டமான சதர்லாந்து ஏர்ல் பட்டம் எலிசபெத் என்ற குழந்தைக்குப் போயிருக்காதே! ஆறு வயதுகூட நிரம்பாத பெண். ஆண்வழியில் வழக்காடியவர்கள் தோற்றார்கள். 1514-ல் அந்தக் குடும்பத்தின் இன்னொரு எலிசபெத் தம் சகோதரனுக்குப் பின் பட்டம் பெற்றதைக் காட்டினார்கள், சபை ஏற்றது. இசபெல்லாவின் தாய் மார்கரெட், பிறகு இசபெல்லா என்று மாரில் இரண்டு பெண்கள் அடுத்தடுத்து சீமாட்டிகளாக இருந்திருக்கிறார்கள்.

வழக்காடி:
சதர்லாந்து பட்டம் இடையில் அரசன் கைக்குப் போய்ப் புதிதாக வழங்கப்படவில்லை. அந்த வேறுபாடு பெரிது. 1824-ஐயும் நீங்கள் யாரும் சொல்லவில்லை. அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக எழுந்த 1715 ஜாக்கபைட் கிளர்ச்சியை நடத்திய ஜான் எர்ஸ்கைனின் பட்டம் 1716-ல் பறிக்கப்பட்டது. 1824-ல் எண்பது வயதைத் தாண்டிய ஜான் பிரான்சிஸ் எர்ஸ்கைனுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர் ஆண்வழியிலும் வாரிசு. கிளர்ச்சிக்காரரின் தம்பி கிரேஞ்ச் பிரபுவின் பேரன்.

பழையஏடு:
1824 சட்டம் அவரை எப்படிக் குறிக்கிறது என்று பார்த்தீர்களா? கிளர்ச்சிக்காரரின் பேரன், நேர் வழித்தோன்றல் என்று. அவருடைய தாய் பிரான்சிஸ் சீமாட்டி கிளர்ச்சிக்காரரின் மகள். தாய்வழியாக மட்டுமே அவர் பேரன் ஆகிறார். தந்தைவழியில் அவர் தம்பியின் பேரன். ஆண்வழி மட்டுமே கணக்கு என்றால் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை எழுதவே தேவையில்லை. (அந்தக் கிரேஞ்ச் பிரபு 1732-ல் தம் மனைவி ரேச்சலை ஆள்வைத்துக் கடத்தி செயின்ட் கில்டா தீவு வரை அனுப்பி அடைத்து வைத்தவர். இறந்துவிட்டதாக ஊரை நம்ப வைத்தார். இந்த வம்சத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண் நினைவுக்கு வருகிறார்.)

வழக்காடி:
பேரன் என்ற சொல் எனக்கும் நெருடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வழியிலும் வாரிசாக இருப்பவரைக் குறிக்க எந்தச் சொல்லைப் போட்டாலும் அது மற்ற வழியை விலக்காது.

1885-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, பழைய மார் பட்டம் இருக்கிறது, அது மருமகனுக்கு உரியது என்று சொன்னது. அதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்தச் சட்டமே 1875 தீர்ப்பை நீக்கவில்லை. அதனால்தான் இரண்டு மார் ஏர்ல்கள். 1565-ஆம் ஆண்டுப் பட்டமும் கெல்லி பட்டமும் எர்ஸ்கைன் குடும்பத்தின் அல்லோவா நிலங்களும் பங்காளி வழியில் சென்றன.

செங்காந்தள்:
நிலம் அவர்களிடமே இருக்கட்டும். 1975-ல் பழைய மார் பட்டம் தந்தையிடமிருந்து மூத்த மகளுக்குச் சென்றது. 31-ஆவது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் இசபெல்லாவுக்கும் ஓர் இடம் உண்டு, வழக்காடி அவர்களே. உங்கள் 1565 கணக்கில் அவர் இல்லை.