ஹீட்டரில் இருப்பது மின்கசிவா, வேறா?

அன்பர்களுக்கு வணக்கம்.

> கீசர் பழுதுபார்ப்புக் குறிப்பேட்டில் ‘எர்த் லீக்கேஜ்’ என்று வருமிடங்களில் ‘மின்கசிவு’ என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம் என்பதே என் கட்சி. ‘எர்த் லீக்கேஜ்’ என்பது கம்பிக்குள் ஓட வேண்டிய மின்சாரம் அதைச் சுற்றியுள்ள காப்பு கெட்டு வெளியே கசிந்து மண்ணுக்குப் போவது. ‘மின்கசிவு’ நல்ல சொல்தான். ஆனால் நாளிதழ்கள் அதைக் கெடுத்து வெகுகாலம் ஆகிறது. குடிசை எரிந்தாலும் ஜவுளிக்கடை எரிந்தாலும் ‘மின்கசிவே காரணம்’ என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் அங்கே சொல்ல வருவது ஷார்ட் சர்க்யூட், அதாவது குறுக்குச்சுற்று. இலங்கை இதழ்களில் ‘மின்னொழுக்கு’ இதே வேலையைச் செய்கிறது. ‘மின்தடை’ பட்ட பாடும் இதுதான். பாடநூலில் அது ஓம் கணக்கு, மின்வாரிய அறிவிப்பில் காலை 9 மணி முதல் கரண்ட் இல்லை.

சென்ற மாதம் எங்கள் வீட்டில் கீசரைப் போட்டுப் பத்து நிமிடம் ஆனதும் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுபோய்க்கொண்டிருந்தது. வந்த எலக்ட்ரீஷியன் “லீக்கேஜ் சார்” என்றார். அப்பா உடனே கீசருக்கு அடியில் கை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நான் “மின்கசிவு அப்பா” என்று மொழிபெயர்த்தேன். “தீப்பிடித்துவிடுமா?” என்று பதறினார். இரண்டு சொல்லுமே அவரைத் தவறான இடத்துக்கு அனுப்பின.

நடந்தது என்னவென்றால், எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு எலிமென்டின் இரு முனைகளையும் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். 26 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்டுக்கு அதுதான் சரியான அளவு. கம்பி அறுந்திருந்தால் எதுவும் காட்டாது, தண்ணீரும் சுடாது. குறுக்குச்சுற்று ஆகியிருந்தால் அளவு அடிமட்டத்துக்குப் போயிருக்கும், மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் எம்சிபி சுவிட்ச், போட்டவுடன் விழுந்திருக்கும். இங்கே இரண்டும் இல்லை. அடுத்து ஒரு முனைக்கும் உலோகக் குழாய்க்கும் இடையே வைத்துப் பார்த்தார். மல்டிமீட்டர் கையை விரித்தது. மனிதர் விடவில்லை. காப்பைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெகரை எடுத்துவந்து சோதித்தார். முள் ஒரு மெகாஓமுக்கு வெகு கீழே போய் நின்றது.

குழாய்க்குள் நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி இறுக அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு தூள். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது என்பதற்காகவே அந்தத் தூள். எங்கள் ஊர் உப்புத்தண்ணீரில் குழாய்மேல் சுண்ணாம்புப் படிவம் ஏறி, மயிரிழை விரிசல் விட்டு, தூள் ஈரம் குடித்துவிட்டது. சூடேறச் சூடேற அதன் காப்புத்தன்மை இன்னும் குறையும். மல்டிமீட்டரின் சில வோல்ட் பேட்டரிக்கு இது பிடிபடவில்லை. கீசர் இழுப்பது 8.7 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் கசிந்தால் 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. கசிவைக் கவனிக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச்தான் கண்டுபிடித்து விழும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘தரைக்கசிவு’ என்றால் பிளம்பரைத்தான் கூப்பிடுவார்கள். ‘மண்கசிவு’ மழைக்கால மலைப்பாதையை நினைவூட்டுகிறது. குழுவில் பலர் ஆதரித்த ‘புவிக்கசிவு’ பாடநூலின் ‘புவி இணைப்பு’க்கு ஒத்துப்போகிறது என்பது உண்மை. ஆனால் தமிழில் வாயுக்கசிவு என்றால் வாயு கசிகிறது, எண்ணெய்க்கசிவு என்றால் எண்ணெய் கசிகிறது. புவிக்கசிவில் புவியா கசிகிறது?

இன்னொன்று: வாளியில் போடும் இம்மர்ஷன் ராடை நினைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் வாளி, எர்த் இல்லாத பழைய பிளக். உறை கெட்டாலும் மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லை. யாராவது பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கும்போதுதான் போகிறது. அதுவரை ‘புவி’ அங்கே வரவேயில்லை, பழுதோ முழுதாக இருக்கிறது.

நாம் கூரை ஒழுகுகிறது, குடம் ஒழுகுகிறது என்கிறோம். ஒழுகுவது தண்ணீர்தான், ஆனால் கெட்டது கூரையும் குடமும். அதே வழியில் ‘காப்புக்கசிவு’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. மெகர் அளப்பது ‘காப்புத்தடை’. அது குறைந்தால் காப்புக்கசிவு. ஜோடி பொருந்துகிறது. காப்பு என்றால் வளையல் என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள்.

———

ஐயா, வணக்கம். வயரிங் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ‘காப்புக்கசிவு’ எனக்குச் சம்மதம். வளையல் சண்டையும் இல்லை.

பத்து நிமிடக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கோடை முழுக்கப் போடாமல் கிடந்த ஹீட்டரில் எலிமென்டின் நுனி வழியாக ஈரம் இறங்கியிருந்தால் போட்ட கணமே விழும். இன்னொரு வகை மோசமானது. தெர்மோஸ்டாட் மின்சாரம் வரும் பேஸ் கம்பியை மட்டுமே வெட்டுவதாக இருந்து, காப்பு கெட்டது அது திரும்பும் நியூட்ரல் பக்கமாகவும் இருந்தால், தண்ணீர் சுட்டு ஹீட்டர் நின்ற பிறகு, பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது அதன் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த வழியாகக் கசிந்து ஆர்சிசிபி விழும். வீட்டுக்காரர் பிரிட்ஜைத் திட்டுவார். இந்த நிலைக்கும் உங்கள் சொல் பொருந்துகிறது.

குறிப்பேட்டில் ஆர்சிசிபிக்குக் ‘கசிவுத் தடுப்பான்’ என்று பார்த்தேன். அது எந்தக் கசிவையும் தடுப்பதில்லை. போன மின்சாரத்தையும் திரும்பி வந்த மின்சாரத்தையும் ஒப்பிட்டு, கணக்கில் துண்டு விழுந்தால் இணைப்பை வெட்டுகிறது. ‘கசிவுத் துண்டிப்பான்’ என்று மாற்றுங்கள்.

———

மாற்றிவிடுகிறேன். உங்கள் ‘துண்டு விழுதல்’ படித்ததும் அந்த வித்தியாசத்துக்குத் ‘துண்டு மின்னோட்டம்’ என்று பெயர் வைக்க ஆசை வந்தது. குளியலறை விஷயத்தில் துண்டு என்றால் தோளில் போடுவதுதான் நினைவுக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதைக் கைவிட்டேன்.

குறிப்பேட்டில் இப்படிப் போகிறது: “கசிவுத் துண்டிப்பான் மீண்டும் மீண்டும் விழுந்தால் எலிமென்டில் காப்புக்கசிவு (லீக்கேஜ்) இருக்கலாம். காப்புத்தடையை மெகரால் சோதிக்கும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள்.”