மறு: தையல் இயந்திரத்தின் ‘வாக்கிங் ஃபுட்’: ‘நடைபாதம்’ அன்று, ‘சேர்நடை’

கலைச்சொல் குழும அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தோல் தைக்கும் இயந்திரங்களில் உள்ள ‘வாக்கிங் ஃபுட்’ அமைப்புக்கு ‘நடைபாதம்’ என்று பெயரிடலாம் என ஐயா அவர்கள் சென்ற மடலில் எழுதியிருந்தார்கள். அம்மையார் அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, ‘நடைபாதை’யோடு மயங்கும் என்ற ஒரு குறையை மட்டும் சுட்டியிருந்தார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறிய சப்பாத்துப் (காலணி) பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில், அந்த ஒலி மயக்கம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆங்கிலச் சொல்லே பொருள் மயக்கம் உடையது என்பதுதான் என் கவலை. அதை அப்படியே பெயர்த்தால் மயக்கமும் கூடவே வந்து சேரும்.

‘வாக்கிங் ஃபுட்’ என்ற பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, சாதாரண இயந்திரத்தில் திருகி மாட்டும் துணைக்கருவி. அதில் கீழிருக்கும் பற்கள் அடித்துணியை நகர்த்த, கருவியின் சிறு பற்கள் மேல்துணியை நகர்த்தும்; ஊசியோ நேர்மேலும் கீழுமாக மட்டுமே போய்வரும். மற்றொன்று, கனத்த தோலுக்கென்றே செய்யப்பட்ட இயந்திரம். அதில் ஊசி தோலைத் துளைத்து நிற்கும்போதே, ஊசியும் அதைச் சூழ்ந்து தோலை அழுத்தும் உள்கால் ஒன்றும் அடிப்பற்களும் சேர்ந்து ஒரு தையல் நீளம் நகர்கின்றன. பிறகு வெளிக்கால் இறங்கித் தோலைப் பிடித்துக்கொள்ள, ஊசியும் உள்காலும் மேலெழுந்து அடுத்த தையலுக்கு முன்னே வருகின்றன. ஊசி உள்ளே இருக்கையில் நகர்வதால், அடுக்கியிருக்கும் தோல்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க இயலாது.

இந்த வேறுபாடு தெரியாமல் நான் ஏமாந்திருக்கிறேன். ‘வாக்கிங் ஃபுட்’ என்று சொல்லி விற்கப்பட்ட பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து, சப்பாத்தின் முன்தோலையும் பக்கத்தோலையும் சேர்த்துத் தைத்துப் பார்த்தேன். தொடக்கத்தில் விளிம்போடு விளிம்பு பொருந்தியிருந்த இரண்டு துண்டுகளில், தையல் முடிந்த இடத்தில் மேல்தோல் ஒரு நெல்மணி நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடித்தோலின் பின்புறத்தில் பற்கள் கடித்த வரிகள் வரிசையாகப் பதிந்திருந்தன. வாங்கியது துணைக்கருவி மாட்டிய சாதாரண இயந்திரம் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆகவே நம் சொல், எது எதனோடு சேர்ந்து நகர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ‘மும்முனை நகர்த்தி’ என்று முதலில் எண்ணினேன். ஆனால் ‘மும்முனை’ மின்சாரத்துக்கு வழங்கும் சொல், மோட்டார் வாங்கும்போது குழப்பும். ‘முந்நகர்வு’ எழுத்தில் சரியாக இருந்தாலும், காதில் ‘முன்னகர்வு’ என்றே விழுகிறது. ‘மாறுகால்’ என்று என் தம்பி சொன்னான். மாறுகால் மாறுகை வாங்குதல் என்னும் பழைய தண்டனை நினைவுக்கு வந்ததால் அதை விட்டுவிட்டேன். ‘சேர்நடை’ என்பது எல்லாம் சேர்ந்து நடக்கும் செயலை நேரே சொல்கிறது. வேதியியலில் ‘சேர்மம்’ படித்தவர்களுக்குச் சொல்லின் அமைப்பும் பழக்கமானதே.

தைக்கும் பொருளை இயந்திரம் நகர்த்துவதைக் குறிக்கும் ‘ஃபீட்’ என்பதற்குச் சில நூல்களில் காணும் ‘ஊட்டம்’ இங்கே பொருந்தாது. தோலுக்கு இயந்திரம் எதையும் ஊட்டுவதில்லை, நடத்திச் செல்கிறது. ‘நடை’யை வேராகக் கொண்டால் ஒரு குடும்பமே கிடைக்கிறது: அடிப்பற்கள் மட்டும் நகர்த்துவது ‘அடிநடை’, ஊசியும் பற்களோடு சேர்ந்து நகர்வது ‘ஊசிநடை’, செருப்புத் தைப்பவர்களிடம் இன்றும் காணப்படும் சிங்கர் 29கே போல, அடியில் பற்களே இல்லாமல், எத்திசையிலும் திருப்பக்கூடிய கால் மேலிருந்து தோலைக் கவ்வி இழுப்பது ‘மேல்நடை’. ஐயா அவர்களின் ‘நடைபாதம்’ துணைக்கருவிக்குப் பெயராக நிற்கட்டும். அங்கே அது நன்றாகவே பொருந்துகிறது.

சேர்நடையின் உள்கால், வெளிக்கால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன். பின்னர் உண்மையான சேர்நடை இயந்திரம் வாங்கிய புதிதில், நான்கைந்து தையலுக்கு ஒருமுறை தையல் விட்டுப்போனது. ஊசியை மாற்றினேன். 135×17 துணி ஊசியை எடுத்துவிட்டு, அதே நீளமும், ஆனால் தோலை வெட்டும் முனையும் கொண்ட 135×16 தோல் ஊசியைப் போட்டேன், குறை தீரவில்லை. ஈப்போவிலுள்ள பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, “காலைச் சரிசெய்யுங்கள், அண்ணே” என்றார். எந்தக் கால் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கால்கள் மாறிமாறி எழும் உயரத்தைத் திருகிவிட்டேன். தையல் முன்னிலும் மோசமானது. அதன்பின், அடியில் ஊசிநூலைப் பிடிக்கும் கொக்கியின் நேரத்தைக் கலைத்து, இரண்டு நாள்களை வீணாக்கினேன்.

உண்மைக் காரணம் எளியது. ஊசி அடிமட்டத்திலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் மேலெழும்போது, நூல் ஊசியின் பக்கத்தில் சிறு வளையமாக விரியும். கொக்கியின் முனை அந்த வளையத்துக்குள் நுழைந்தால்தான் தையல் விழும். வெளிக்காலின் அழுத்தம் குறைவாக இருந்தால், தோல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்பும், வளையம் விரியாது, கொக்கி வெறுமனே சுற்றிப்போகும். கையால் சக்கரத்தை மெல்லச் சுழற்றி, கண்ணைத் தட்டோடு ஒட்டி வைத்துப் பார்த்தபோது, தோல் காகிதத் தடிப்பளவு எழும்பி இறங்குவது தெரிந்தது. அழுத்தத் திருகை ஒன்றரைச் சுற்று இறுக்கியதும் தையல் சீரானது.

இவற்றுக்கு ‘உட்பாதம்’, ‘புறப்பாதம்’ என்று பெயரிடுவதை நான் ஏற்கமாட்டேன். சப்பாத்துத் தொழிலில் ‘உட்பாதம்’ என்றால் சப்பாத்துக்குள் ஒட்டும் உள்ளடித் தோலையே கை தேடும். மேசைக்கும் பந்தலுக்கும் கால் உண்டு. இயந்திரத்துக்கும் அது போதும். ஊசியோடு நடப்பது ‘நடைக்கால்’, தோலைப் பிடித்து நிற்பது ‘பிடிகால்’. தையல் விட்டுப்போனால் முதலில் பிடிகாலின் அழுத்தத்தைப் பாருங்கள். கனத்த மடிப்பில் ஏறும்போது மட்டும் தையல் குறுகினால், கால்கள் எழும் உயரம் போதுமா என்று பாருங்கள். பெயரே இடத்தைக் காட்டிவிடுகிறது.

இப்படிப் பெயரிடுவது நமக்குப் புதிதன்று. பாடநூல் ‘இரப்பர் மரம்’ என்று எழுதியதைத் தோட்டத்தில் நம் பாட்டன்மார் ‘பால்மரம்’ என்றார்கள்; சீவியதும் வடிவதைக் கண்ணால் பார்த்து வைத்த பெயர் அது. கலைச்சொல்லுக்கு அதைவிட நல்ல முன்மாதிரியை நான் அறியேன்.

தீராத ஒன்று இருக்கிறது. தைத்துக் குவிந்த சப்பாத்தின் மேற்பகுதி இயந்திரத்தின் தட்டையான மேடையில் படியாது. அதற்காகச் செங்குத்தாக எழும் மேடையைத் ‘தூண்மேடை’ என்பதில் தடையிராது. ஆனால் அந்த இயந்திரங்கள் பலவற்றில் காலுக்குப் பதிலாகச் சிறு சக்கரம் தோலை நகர்த்துகிறது. மெல்லிய தோலின் சிறு வளைவுகளுக்குச் சேர்நடையைவிட அதுவே ஏற்றது. அதை ‘உருளைநடை’ என்றால், குழாய்போல் நீண்ட ‘உருளைமேடை’யோடு மயங்கும். ‘சில்லுநடை’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘சில்லு’ என்றதும் உடைந்த ஓட்டுத்துண்டை நினைப்பவர்களும் குழுமத்தில் இருப்பார்கள். அம்மையார் அவர்கள் இதைப் பற்றி எழுதினால் மகிழ்வேன்.