கலைச்சொல்: ஹாலஜன் பல்பில் ‘கண்ணாடி பூத்தல்’

நண்பர்களுக்கு வணக்கம்.

கார் முகப்பு விளக்கு மாற்றும் கையேட்டில் நாம் மாட்டிக்கொண்டிருக்கும் ‘டீவிட்ரிஃபிகேஷன்’ (கண்ணாடி படிகமாக மாறி வெளுத்து வலுவிழப்பது) என்ற சொல்லுக்குத் தமிழில் இதுவரை படிகமாதல், கண்ணாடித்தன்மை இழப்பு என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. படிகமாதல் என்றால் கற்கண்டும் படிகமாகிறது, உப்பளத்து உப்பும் படிகமாகிறது. இரண்டாவது சொல் பொருளைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் பட்டறையில் யார் வாயிலும் நுழையாது. நான் முன்வைப்பது ‘கண்ணாடி பூத்தல்’.

இந்தச் சொல் எனக்குக் கிடைத்தது ஒரு மெக்கானிக்கிடம். போன மழைக்காலத்தில் என் காரின் முகப்பு விளக்கில் இருக்கும் எச்4 வகை ஹாலஜன் பல்பை நானே மாற்றினேன். இருட்டில் அவசரமாகக் கண்ணாடியைப் பிடித்தே மாட்டிவிட்டேன். இரண்டே மாதத்தில் அது போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெண்திட்டு, அதன் ஓரத்தில் மயிரிழை போலக் கீறல். தெருமுனை மெக்கானிக் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “சுவத்துல உப்பு பூத்த மாதிரி இருக்கே சார், கை வச்சிட்டீங்களா?” என்றார்.

நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஹாலஜன் பல்பில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன், உள்ளேயிருக்கும் அயோடின் அல்லது புரோமினோடு சேர்ந்து மறுபடி இழைக்கே திரும்ப வேண்டும். அதற்குப் பல்பின் சுவர் சுமார் 250 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் கூட்டைக் குவார்ட்ஸ் கண்ணாடியில் செய்கிறார்கள். அந்தச் சூட்டில், விரல் பட்ட இடத்து வியர்வையின் சோடியம் குவார்ட்ஸைப் பிடித்துக்கொள்கிறது. ஒழுங்கில்லாமல் கிடந்த அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ள, அந்த இடம் பால்போல் வெளுத்து வலுவிழக்கும். உள்ளே வாயு அழுத்தத்தில் இருப்பதால் பல்பு வெடிக்கவும் கூடும்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். சுவரில் உப்பு வெளியே வந்து படிகிறது, இங்கே கண்ணாடியே மாறுகிறதே என்பீர்கள். உண்மைதான். வெறும் ‘பூத்தல்’ போதாது, ‘கண்ணாடி’ சேர வேண்டும் என்று நான் சொல்வதும் அதற்காகத்தான். கண் பூத்துப்போச்சு என்கிறோமே, அங்கே எதுவும் வெளியே வந்து படிவதில்லை, தெளிவாக இருந்தது மங்குகிறது. நீறு பூக்கிறது, பூசணம் பூக்கிறது. எல்லாவற்றிலும் மேற்பரப்பில் வெளிறிய ஒன்று பரவும் படம் தமிழருக்கு உடனே எழும். ஆய்வகத்தில் உலையில் வைக்கும் குவார்ட்ஸ் குழாய்க்கும் இதே கேடு உண்டு, அங்கும் இந்தச் சொல் உதவும்.

அயோடின், புரோமின் போன்ற ஹாலஜன் தனிமங்களுக்கு உப்பீனி என்ற நல்ல சொல் இருக்கிறது. வேதியியல் பாடத்தில் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பல்புக்கு ‘ஹாலஜன் பல்பு’ என்றே வைப்போம். கடையில் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். ‘உப்பீனி’ என்று எழுதினால், பூக்கும் உப்பு பல்புக்குள்ளிருந்து வருவதாக நினைக்கவும் இடமுண்டு. அது நம் விரலில் இருந்து வருவது.

கையேட்டுக்கு என் வரைவு இது:

“விளக்கை அணைத்து, பல்பு நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியுங்கள். புதிய பல்பை அதன் உலோக அடிப்பகுதியில் மட்டும் பிடியுங்கள். கண்ணாடியில் விரல் பட்டால் அந்த இடம் பூத்து, பல்பு உடையலாம். பட்டுவிட்டால் மாட்டும் முன் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, உலர விடுங்கள். 60/55 வாட் (தூர ஒளிக்கு 60, கிட்ட ஒளிக்கு 55) என்று இருந்த இடத்தில் அதே வாட் பல்பையே போடுங்கள்.”

அப்புறம், ஹாலஜனை ‘அலசன்’ என்று படித்த இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் பக்கம் சுவரில் உப்புப் படிவதைப் ‘பூத்தல்’ என்பார்களா, வேறு சொல் உண்டா?

அன்புடன்.