ஆச்சி வீட்டு குரூப்: வளைகாப்புச் சாப்பாடு

மணி: [பலமுறை பகிரப்பட்டது] ஆக்டோபஸ் பூமியில் பிறந்த உயிரே இல்லை!! வால்நட்சத்திரத்தில் வந்த முட்டை!! விஞ்ஞானிகள் ஒப்புதல்!! பத்து பேருக்குப் பகிருங்கள்

மணி: செல்வி, இதைப் படி. வளைகாப்பு அன்னைக்கு ராத்திரி கணவாய் வேண்டாம். வயித்துப்புள்ளக்காரி இருக்கா

செல்வி: அண்ணே 8 கிலோ சொல்லியாச்சு

பேச்சி: போன வாரம்தான் தொக்கு சாப்பிட்டேன் மாமா. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?

முருகன்: ஆக்டோபஸ்னா பேய்க்கணவாய். அதுக்கு எட்டு கை. நாம சொன்னது ஊசிக்கணவாய், பத்து கை

மணி: கணவாய் கணவாய்தான்

சங்கர்: வேன் யாரு பேசுனா

கனி: பேச்சி மைனி பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது. பெரியப்பா, அது 2018-ல 33 பேர் சேந்து எழுதுன கட்டுரையில கிளம்புன பேச்சு. உறைஞ்ச முட்டை வால்நட்சத்திரத்துல வந்திருக்கலாம்னு ஊகமா எழுதுனாங்க. அப்படி ஒரு முட்டையை யாரும் பாக்கல. நான் இங்க பெல்ஜியத்துல தினமும் நிஜ முட்டையைப் பாக்குதேன். நொய் மாதிரி இருக்கும், 2 மில்லிமீட்டர்தான். தோடு கண்ணாடியா இருக்கும். உள்ள இருக்குற குஞ்சு கண்ணுல மொதல்ல வெளிர் மஞ்சள் நிறம் வரும், பொறவு ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில கரும்பழுப்பு

செல்வி: சரி கணவாய்க்கு என்ன சொல்ல

கனி: இருங்கத்தை, முக்கியமானது இனிமேதான். ஆக்டோபஸ் குஞ்சுக்கு மூளை இருக்குற இடத்துல மூளைச் செல் பொறக்கல. கண்ணைச் சுத்தி ஒரு ஓரம் இருக்கு, அங்க பொறந்து உள்ள நடந்து போவுது. பொறக்குற இடத்துல ஏஎஸ்சிஎல்1, நியூரோஜெனின் மரபணுக்கள் வேலை செய்யும். கிளம்புனதும் நியூரோடி. போய்ச் சேந்து முதிர்ந்தா எலாவ். சாயம் போட்டா, எந்த மரபணு எங்க முழிச்சிருக்கோ அந்த இடம் மட்டும் ஊதாவா தெரியும். 2021-ல இங்க லூவன் பல்கலைக்கழகத்துல இதை எழுதுனாங்க. மைனி, உங்க வயித்துல இருக்குற புள்ளைக்கும் இதே குடும்பத்து மரபணுக்கள்தான் மூளை கட்டுது. 50 கோடி வருசத்துக்கும் முன்னால புழு மாதிரி இருந்த ஒரே மூதாதைகிட்ட இருந்து ரெண்டு பேருக்கும் வந்த சொத்து. வேற கிரகத்து உயிருக்கு இது எப்படி இருக்கும்?

பேச்சி: ஐயோ கனி. ரெண்டு தடவை படிச்சேன்

மணி: சிப்பியும் அதே வம்சம்தானே. அதுக்கு ஏன் அந்த மூளை வரல

கனி: சரியான கேள்வி பெரியப்பா! மரபணுவை எங்க, எப்ப அடக்கணும்னு பாத்துக்குற சின்னத் துண்டு ஒண்ணு இருக்கு, மைக்ரோ ஆர்என்ஏ. ரெண்டும் பிரிஞ்ச பிறகு சிப்பி புதுசா சேத்தது 5 வகை. ஆக்டோபஸ் சேத்தது 90. பெர்லின்ல ராயெவ்ஸ்கி குழு 2022-ல கண்டுபிடிச்சது. நரம்புலயும் வளர்ற குஞ்சுலயும்தான் அது அதிகமா இருக்கு

மணி: மனையை வித்து அனுப்புனது இதுக்குத்தானா முருகா

முருகன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகன்: அண்ணே அந்தப் பேச்சு குரூப்ல வேண்டாம்

செல்வி: கணவாய் 8 கிலோ. அட்வான்ஸ் கொடுத்தாச்சு. யாராவது பதில் சொல்லுங்க

சங்கர்: வேன்??

ஆச்சி: குரல் செய்தி 0:41

பேச்சி: முட்டை போட்ட தாய் என்ன ஆவும்னு ஆச்சி கேக்குதா

கனி: ஆச்சி, தாய் அந்த இடத்தை விட்டு நகராது. முட்டைக் கொத்தைக் கையால தடவிக்கிட்டே, தண்ணியை ஊதிக்கிட்டே இருக்கும். இரை எடுக்காது. குஞ்சு பொரியுற சமயத்துல செத்துப்போவும். கண்ணுக்குப் பின்னால இருக்குற சுரப்பிதான் அப்படிச் செய்ய வைக்குது. வோடின்ஸ்கின்னு ஒருத்தர் 1977-ல அதை எடுத்துட்டுப் பாத்தாரு. தாய் முட்டையை விட்டுட்டு மறுபடி சாப்பிட்டுச்சு. எங்க தொட்டியில இருக்குறது ஒரு மாசத்துக்கு மேல சாப்பிடல. நேத்து நண்டு போட்டேன், தள்ளி விட்டுட்டு

செல்வி: அம்மா அழுதுட்டா. அவ அம்மா பேறுகாலத்துல போனதை நெனச்சிட்டா போல

முருகன்: கனி, ஆச்சிக்குப் போன் போடு

கனி: போடுதேன்பா

பேச்சி: டாக்டர் எனக்கு இன்னும் தல திரும்பலன்னாங்க

கனி: ஏழு மாசம்தான மைனி, நேரம் கிடக்கு. இந்தக் குஞ்சு முட்டைக்குள்ள ரெண்டு தடவை புரளும். ரெண்டாவது புரளல் பொரியுறதுக்கு முன்னாடி. அது இந்த வாரம்தான். அதனால வளைகாப்புக்கு என்னால வர முடியாது. எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்தேன்

செல்வி: இதை இப்பதான் சொல்லுதியா

முருகன்: எங்கிட்டயும் சொல்லல

மணி: விடு செல்வி. அது தாயும் குஞ்சும் கிடக்கிற நேரம். கணவாயை 4 கிலோவாக் குறை

செல்வி: 4-ஆ 8-ஆ?

பேச்சி: எனக்கு ஒரு தட்டு உண்டுல்லா?

கனி: நல்லா வேக வச்சுச் சாப்பிடுங்க மைனி. ஒண்ணு இப்பப் புரளுது, வீடியோ போடுதேன்

கனி: வீடியோ 0:22

சங்கர்: அப்ப வேன் நானே பேசிடவா

மணி: வீடியோ பாதில நின்னுட்டு. மறுபடி அனுப்பு கனி